ஒன்பது ஜூனிப்பர்

விறகடுக்கை முதலில் பார்த்தது கெசியாதான்.

காற்று அடங்காமல் வியாபாரியின் துறைமுகத்தில் ஐந்து நாள் கட்டிக் கிடந்துவிட்டு, குளிர்காலத்துக்கான மாவு மூட்டை, உப்பிட்ட பன்றியிறைச்சி, தேயிலை, வெல்லப்பாகுப் பீப்பாய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்த மோட்டார் படகு கெட்டில் கோவ் என்ற சிறு குடாவின் முனையைச் சுற்றியது. பாறைமேல் நின்ற தன் வீட்டை வழக்கம்போல் கண்ணால் தேடினாள் கெசியா. வீட்டுக்குப் பக்கத்தில் சுவர்போல ஏதோ எழும்பி நின்றது.

தன் படகை ஓட்டிவந்த கொழுந்தன் ஆம்புரோஸும் பார்த்துவிட்டான். "அண்ணே, நீ இல்லாத நேரத்துல உன் வீடு குட்டி போட்டிருக்கு பாரு!"

"மாப்பிள்ளை வேலைதான். விறகு வெட்டி அடுக்கியிருக்கு பிள்ளை," என்றாள் கெசியா. "சும்மா உக்காரத் தெரியாதவன்னு நான் சொன்னேன்ல?"

அவள் புருசன் ஜேபஸ் "ம்" என்றான். மாப்பிள்ளையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் மூன்று வாரமாக அவனிடமிருந்து வருவது அது ஒன்றுதான்.

மாப்பிள்ளையின் பேர் அமதேயு. போர்ச்சுக்கல் நாட்டு மீன்பிடிக் கப்பலில் வந்தவன். கால் எலும்பு முறிந்து செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அங்கே வார்டு கூட்டித் துடைக்கப் போயிருந்த மகள் வின்னி அவனுக்குக் கஞ்சி கொடுத்தாள். கஞ்சி கொடுத்த கையையே அவன் பிடித்துக்கொண்டான். நவம்பர் பிறந்ததும் தாலி கட்டாத குறையாக மோதிரத்தைக் காட்டிக்கொண்டு இருவரும் கப்பலில் வந்து இறங்கினார்கள். அன்றிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளை. ஜேபஸுக்குக் கோபம் என்று இல்லை. ஒரே மகள் கல்யாணத்தைக் கடிதத்தில் படிக்க நேர்ந்த மனிதனுக்கு என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

படகு மேடையில் அமதேயு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வாய் காதுவரை சிரிப்பு. "ஐயா! விறகு! குளிர் முழுக்க விறகு!"

ஜேபஸ் மாவு மூட்டையைத் தோளில் போட்டபடி ஏறி வந்தான். அடுக்கை நெருங்கியவன் நின்றான். மூட்டையைக் கீழே வைத்தான். ஒரு கட்டையை உருவி அறுத்த முகத்தைப் பார்த்தான். ஓரத்தில் மெல்லிய மஞ்சள் வளையம், உள்ளே முழுக்கச் செம்பழுப்பு. மூக்கருகே கொண்டுபோனான். பிறகு தூங்குகிற பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மூட்டையையும் எடுக்காமல், பூட்ஸையும் கழற்றாமல் வீட்டுக்குள் போனான்.

பூட்ஸோடு அவன் வீட்டுக்குள் போய்க் கெசியா பார்த்தது அவன் அப்பா இறந்த அன்றுதான்.

"எங்க வெட்டின பிள்ளை, இத?" என்று மாப்பிள்ளையைக் கேட்டாள்.

"குளத்துக்குப் பின்னாடி, அம்மா. அங்க நிறைய மரம். எல்லாம் செத்தது. ஒரு இலை இல்ல. நல்ல மரம் ஒண்ணுகூட நான் தொடல. செத்தது மட்டும் வெட்டினேன்."

"எத்தனை?"

"ஒம்பது. இன்னும் ரெண்டு இருக்கு. நாளைக்கு..."

"ஐயோ பிள்ளை, அது சாகல!" என்றாள் கெசியா. "அது ஜூனிப்பர். வெளியூர்ல லார்ச்சும்பாங்க. ஊசியிலை மரத்துலயே அது ஒண்ணுதான் இலை கொட்டும். அக்டோபர்ல பொன்னா மஞ்சளிக்கும், நவம்பர்ல மொட்டையா நிக்கும், ஜூன்ல மறுபடியும் துளிர்க்கும். எங்க மாமனார் காலத்துலயிருந்து கை வைக்காம விட்டிருந்த மரம் அது. ஆகஸ்டு புயல்ல எங்க படகு பாறையில மோதி நொறுங்கிச்சே, புதுப் படகுக்கு மரம் அதுதான்."

அமதேயு விறகடுக்கைப் பார்த்தான். ஒவ்வொரு கட்டையும் இரண்டடி. அடுப்புக்கு அளவு பார்த்து, வால் நீட்டாமல் அறுத்த கட்டைகள். அவன் கையிலிருந்த தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டான், சவப்பெட்டிக்கு முன்னால் நிற்கிறவன்போல.

ஆம்புரோஸுக்குப் பொறுக்கவில்லை. "அஞ்சு நாள்ல தனியாளா ஒம்பது ஜூனிப்பர்! நானும் அண்ணனும் சேர்ந்து வெட்டினா ரெண்டு வாரம், அதுல ஒரு வாரம் சண்டை. மதினி, பையன் கையில ரம்பத்தக் குடுத்திராதீங்க, நாளைக்குத் தேவாலயத்த அடுக்கிருவான்."

ஜேபஸ் விட்டுப்போன மாவு மூட்டையைக் கெசியா தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

*

ஜேபஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் கெசியா பதிலுக்குக் கத்தி அன்றைக்கே விஷயத்தை முடித்திருப்பாள். முப்பது வருஷமாக அப்படித்தான் அந்த வீட்டில் சண்டை முடியும். ஆனால் அவன் மாப்பிள்ளையிடம் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டான். மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குப் பொண்டாட்டி வழியாகச் செய்தி அனுப்பினான்.

"உன் மாப்பிள்ளையை அந்த உப்பு இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

உப்பு அமதேயுவின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் தள்ளினான்.

"உன் மாப்பிள்ளைக்கு நன்றின்னு சொல்லு."

"நன்றியாம்ப்பா," என்றாள் கெசியா.

"பரவாயில்லன்னு சொல்லுங்க அம்மா."

"பரவாயில்லையாம். ஏ மனுசா, எனக்கு வாய் வலிக்குது. நீங்க ரெண்டு பேரும் பேசுறதுக்கு நான் தபால்காரியா?"

இப்படியே ஒரு வாரம் போனது. ஓர் இரவு சாப்பாட்டை அமதேயு சமைத்திருந்தான். ஊறவைத்த உப்புக் கருவாட்டை உருளைக்கிழங்கு, வெங்காயம், பன்றிக்கொழுப்போடு அடுக்கடுக்காக வேகவைத்திருந்தான். அவன் ஊரில் அதை எண்ணெயில் செய்வார்களாம். அந்த எண்ணெய் இங்கே கிடைக்காது. ஜேபஸ் மூன்று தட்டு சாப்பிட்டான். கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டு, "இத யாரு செஞ்சாங்களோ, மீன் கெட்டுப்போகலைன்னு அவங்ககிட்ட சொல்லு," என்றான். ஜேபஸ் வாயிலிருந்து சாப்பாட்டுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கெசியாவே வாங்கியதில்லை. ஆனால் அமதேயுவுக்கு அது தெரியாதே. தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனான்.

மறுநாள் காலையில் வின்னி கெசியாவை மீன் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை கப்பல்ல நாங்க போறோம்மா."

"எங்கடி போறீங்க?"

"செயின்ட் ஜான்ஸுக்கு. அங்கயிருந்து எந்தக் கப்பல்ல வேலை கிடைக்குதோ அதுக்கு. மாமனார் பேசாத வீட்டுல அவரு எப்படி ஒரு வாய் வைப்பாரு? நேத்து என்ன சொன்னாரு தெரியுமா? 'நான் உங்க அப்பாவோட படகை எரிக்கிறதுக்கு அடுக்கி வெச்சிட்டேன்'னு அழுதாரு. அவ்வளவு பெரிய ஆளு, தலகாணிய வாயில வெச்சுக்கிட்டு."

"உங்கப்பன் நாலு நாள்ல சரியாயிருவான்டி."

"சரியானா அப்பாவே வாயால சொல்லட்டும். நேரா. 'உன் மாப்பிள்ளை உன் மாப்பிள்ளை'ன்னு சொல்றாருல்ல, அப்ப அப்பாவுக்கு இவரு யாரு?"

அப்பனுக்குப் பிறந்த பிடிவாதம். கெசியா கொக்கியில் தொங்கிய கோடாரியை எடுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் நடந்தாள்.

*

குளத்துக்குப் பின்னால் பாசி மண்டிய சதுப்பு நிலம். கால் வைத்த இடமெல்லாம் நீர் கொப்பளித்தது. மொட்டையாக நின்ற இரண்டு ஜூனிப்பருக்கு நடுவே, முழங்கால் உயரத்தில் ஒன்பது அடிக்கட்டைகள். அறுத்த முகங்களில் பிசின் கசிந்து உறைந்திருந்தது.

கெசியாவின் அப்பா படகு கட்டுகிறவர். வீட்டில் ஆண்பிள்ளை இல்லாததால் அளவுக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து வளர்ந்தவள் அவள். நிற்கிற ஜூனிப்பரைப் பார்த்தால் மற்றவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவள் அப்பா குனிந்து வேரைப் பார்ப்பார். சதுப்பில் ஆணிவேர் ஆழமாகப் போகாது. மரம் செங்குத்தாக நிற்கும், வேர் பாசிக்கு அடியில் மடங்கித் தரையோடு ஓடும். அந்த மடங்கல்தான் படகின் பக்கங்களைத் தாங்கும் வளைசட்டம். நேர்க்கட்டையில் வளைவு செதுக்கினால் குறுக்கு இழையில் பிளந்துவிடும். வேரோடு வளர்ந்த வளைவு கடல் அடித்தாலும் கழலாது, ஈரத்தில் கிடந்தாலும் மக்காது.

அவள் ஒரு அடிக்கட்டையைச் சுற்றிப் பாசியைக் கோடாரியால் சீவினாள். செம்பழுப்பு வேர் மடங்கி ஓடியது. மாட்டின் தொடை கனம். இன்னொன்று. அதற்கு எதிரே இன்னொன்று.

பின்னால் நீர் சளசளத்தது. அமதேயு நின்றான். செய்த பாவத்தைத் தினம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறான்போல.

"வா, இங்க பாரு," என்றாள் கெசியா. "உன் மாமனாருக்கு வேண்டியதுல பாதி இன்னும் இங்கதான் கிடக்கு. படகோட அடிமரத்துக்கு நிக்கிற ரெண்டு மரம் போதும். வளைசட்டம் எல்லாம் இந்த வேர்ல இருக்கு."

அவன் குனிந்து தொட்டான். "அப்ப ஏன் ஐயா கோபம்? அவருக்குத் தெரியாதா?"

"உனக்கும் எனக்கும் தெரிஞ்சத விட அதிகமாத் தெரியும். மரம் நிக்கிறப்ப வேரைச் சுத்தி வெட்டி விட்டா, மரத்தோட பாரமே சாய்ஞ்சு அடியைப் பிடுங்கி மேல கொண்டாந்துரும். நீ அந்தப் பாரத்த அறுத்து அடுக்கிட்ட. இப்ப இந்த முண்டத்த யாரு தூக்குறது? தோண்டின குழியில தண்ணி வந்து நிக்கும். அவனுக்கு இடுப்பு வேற போச்சு."

அமதேயு கையைச் சேற்றுக்குள் முழங்கைவரை விட்டான். குழைத்துப் பார்த்தான். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தான். எழுந்து நின்று நிலத்தின் சரிவைப் பார்த்தான், குளத்தைப் பார்த்தான், குளத்திலிருந்து கடலுக்கு இறங்கும் ஓடையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று திரும்ப வந்தது.

"தண்ணிதான் கஷ்டம்?"

"தண்ணிதான்."

"அம்மா, எங்க அப்பா உப்பளம். நான் ஏழு வயசுல இருந்து சேத்துல. தண்ணிய எங்க போகச் சொல்றேனோ அங்க போகும். கப்பல் எனக்குத் தெரியாத வேலை, மரம் தெரியாத வேலை. சேறு," என்று நெஞ்சில் சேற்றுக் கையாலேயே தட்டிக்கொண்டான், "சேறு நான்."

*

இரண்டு நாளில் அவன் சதுப்பின் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டினான். நூல் பிடித்தாற்போல் நேர் வாய்க்கால். அதிலிருந்து ஒவ்வொரு அடிக்கட்டைக்கும் ஒரு கிளை. கிளை முகப்பில் பலகை வைத்து, வேண்டியபோது திறந்தான், மூடினான். ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். சதுப்பு நிலம் என்றால் சதுப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பழகியவர்கள், தண்ணீர் வரிசையில் நின்று வெளியே நடப்பதைப் பார்த்து அதன் கூடவே ஓடைவரை நடந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை முதலாவது வேர் வெளியே வந்தது. அமதேயு குழிக்குள் நின்று வேர்முனைகளை வெட்டினான். ஆம்புரோஸ் குட்டைக் குதிரையைக் கயிற்றில் பூட்டினான். கெசியா நெம்புகோலின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"மதினி, இன்னும் கொஞ்சம் சாப்பிட்டிருக்கலாம் நீங்க," என்றான் ஆம்புரோஸ்.

"கொழுந்தனாரே, உங்க நாக்கையும் தூக்கி இந்தக் கொம்பு மேல வைங்க, பாரம் போதும்."

சளக்கென்று சத்தம். பூமி உறிஞ்சிய மூச்சை விட்டதுபோல் வேர் கிளம்பியது. அதைக் கழுவி, குதிரையில் இழுத்துக்கொண்டு போய், ஜன்னலுக்கு நேராக முற்றத்தில் போட்டார்கள். உள்ளே போய் மேசையில் உட்கார்ந்து, கொழுப்பில் பொரித்த ரொட்டி மாவை வெல்லப்பாகில் தோய்த்துத் தின்ன ஆரம்பித்தார்கள்.

ஜேபஸ் ஜன்னல் வழியே பார்த்தான். தேநீரைக் குடித்தான். மறுபடியும் பார்த்தான். எழுந்து கொட்டகைக்குப் போய், அவன் அப்பா படகு வளைவுக்கென்று செய்துவைத்த மெல்லிய அச்சுப் பலகைகளை எடுத்து வந்து, வேரின் வளைவில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். நான்காவது பலகை வேரின் மேல் கையுறை மாதிரி உட்கார்ந்தது. குனிந்தவன் நெடுநேரம் நிமிரவில்லை.

"இடுப்பு பிடிச்சிருச்சா?" என்றான் ஆம்புரோஸ்.

"சும்மா இருங்க," என்றாள் கெசியா.

மறுநாள் காலையில் ஜேபஸ் பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு சதுப்புக்கு வந்து ஒரு கட்டைமேல் உட்கார்ந்தான்.

"கெசியா, வடக்குப் பக்க வேரை அவ்வளவு கிட்ட வெட்ட வேண்டாம்னு உன் மாப்பிள்ளைகிட்ட சொல்லு. ரெண்டு அடி விட்டு வெட்டணும்."

அமதேயு அவன் பூட்ஸுக்கு நேர் கீழே குழிக்குள் நின்றான். அண்ணாந்து பார்த்தான். "எவ்வளவு தள்ளின்னு கேளுங்க அம்மா."

"ரெண்டு அடின்னு சொல்லு."

"ரெண்டு அடியாம். ஐயோ கடவுளே, எனக்குச் சம்பளம் யாரு குடுப்பா?"

வியாழக்கிழமை ஜேபஸ் மூன்று கழிகளை முக்காலியாக நிறுத்தி, நொறுங்கிய படகின் கப்பியையும் கயிற்றையும் அதில் தொங்கவிட்டான். வேலை வேகம் பிடித்தது. ஒரு நாளில் நாலு வேர். ஜேபஸும் நெம்புகோலைப் பிடித்தான். பேச்சு மட்டும் கெசியா வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வின்னி பெட்டியைக் கட்டி முடித்துவிட்டாள்.

"ஒம்பதையும் எடுத்துட்டுத்தான் வருவேன்னு சொல்லியிருக்காரு," என்றாள் அம்மாவிடம். "வெள்ளிக்கிழமை மத்தியானம் கப்பல். ஒம்பது எடுத்தாச்சுன்னா கடன் முடிஞ்சுது."

"அது கடனாடி?"

"அப்பாகிட்ட கேளு."

*

வெள்ளிக்கிழமை காலையில் மிச்சம் ஒன்று. எல்லாவற்றிலும் பெரியது. இருட்டு விலகியதும் ஆரம்பித்தார்கள். மூன்று வேர்முனை வெட்டிய பிறகும் அது அசையவில்லை. நாலாவது வேர் பாறைக்கு அடியில் புகுந்து போயிருந்தது. அமதேயு படுத்து, கையை மட்டும் உள்ளே விட்டு, தடவித் தடவி அறுத்தான். மேலே வானம் தெளிந்திருந்தது. குளத்தின் ஓரத்தில் கண்ணாடிபோல் பனிக்கட்டி.

கப்பல் முனையைச் சுற்றும்போது ஊதியது. வின்னி நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு பெட்டியோடு படகு மேடைக்குப் போய்விட்டாள்.

"கெசியா, உன் மாப்பிள்ளை கயித்த இடுப்புல சுத்திக்கட்டும். நான் அடியில கொம்பு குடுக்கிறேன்."

ஆம்புரோஸ் குதிரையை அதட்டினான். கயிறு விறைத்தது. முக்காலி முனகியது. வேர் ஒரு முழம் எழுந்தது, இரண்டு முழம். ஜேபஸ் நெம்புகோலோடு அதற்கு அடியில் தோளைக் கொடுத்தான். அந்த நேரம் பார்த்து, கப்பல் இரண்டாவது முறை ஊதியது. குதிரை மிரண்டு பின்வாங்கியது. பாரம் முழுவதும் ஒரே நொடியில் அமதேயுவின் இடுப்புக்கு வந்தது. அவன் குதிகால் சேற்றில் வழுக்கியது, ஒரு அடி, இரண்டு அடி. வேர் ஜேபஸின் தோளை அழுத்திக்கொண்டு இறங்கியது.

"விடாதடா!" என்று கத்தினான் ஜேபஸ். "டேய் அமதேயு! விடாதடா மாப்பிள்ளை! விட்டேன்னா கொன்னே போட்டுருவேன்!"

"விடல!" என்று அமதேயு அதைவிடச் சத்தமாகக் கத்தினான். "செத்தாலும் விடல! நீங்க வெளிய வாங்க! கத்தாதீங்க, வாங்க!"

"யார்கிட்டடா கத்தாதேங்கிற?"

"உங்ககிட்டதான்! வெளிய வாங்கய்யா!"

கெசியா பாய்ந்து கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புரோஸ் குதிரையின் காதைப் பிடித்துத் திருப்பினான். ஜேபஸ் உருண்டு வெளியே வந்து, எழுந்த வேகத்தில் மறுபடியும் கொம்பைக் கொடுத்தான். "இழுடா இப்ப! இழு! உங்க ஊர்ல கஞ்சி குடிக்க மாட்டாங்களா? இழு!" வேர் கிழிந்த சத்தத்தோடு கிளம்பியது. கப்பி விட்டுப்போக, நாலு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். வேர் மட்டும் வாய்க்கால் கரையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.



"மதினி," என்றான் ஆம்புரோஸ், சேற்றிலிருந்து தலையை மட்டும் தூக்கி. "அண்ணன் நேராப் பேசிட்டாரு. உங்க வேலை போச்சு."

கெசியாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே புரண்டாள். அமதேயுவுக்கு எதற்கென்று தெரியாமலே சிரிப்பு தொற்றியது. ஜேபஸ் முறைத்துப் பார்த்தான். தாடியில் வழிந்த சேற்றைத் துடைத்தான். பிறகு கையை நீட்டி மாப்பிள்ளையின் சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பி உட்கார வைத்தான்.

"இடுப்புல தோல் போயிருக்கு பாரு. வீட்டுக்குப் போனதும் கொழுப்பு தடவணும்," என்றான் நேராக அவனைப் பார்த்து. பிறகு எங்கோ பார்த்தபடி, "படகுல எனக்கு எதிர்த் துடுப்புக்கு ஆள் வேணும். ஆம்புரோஸ் வாய் மட்டுந்தான் போடுவான். கப்பலுக்குத்தான் போவேன்னா போ."

"எந்தக் கப்பல்?" என்றான் அமதேயு. உண்மையாகவே மறந்து போயிருந்தான்.

அப்போதுதான் வின்னி சதுப்புக்குள் ஓடிவந்தாள். நல்ல கோட்டின் அடி முழங்கால்வரை நனைந்திருந்தது. "எவ்வளவு நேரம் கூப்பிடுறேன்! கப்பல் கிளம்புது! உங்களைத் தேடித்தானே நான்..." நாலு சேற்று உருவங்களையும் பார்த்து நின்றுவிட்டாள். குடாவில் கப்பல் மூன்றாவது முறை ஊதிவிட்டு மெல்ல முகத்தைத் திருப்பியது.

"போகட்டும் விடு," என்றான் ஜேபஸ். "உன் புருசன் இங்கதான் இருக்கப் போறான். நான்தான் சொன்னேன், நேரா. போ, போய்ப் பெட்டியை வீட்டுக்கு எடுத்துட்டு வா."

வின்னி அப்பாவைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள்.

"பெட்டி கப்பல்ல ஏறிருச்சுப்பா!"

பெட்டி செயின்ட் ஜான்ஸ் வரை போய்த் திரும்பி வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் அமதேயுவுக்கு மாற்று உடுப்பு ஜேபஸின் காற்சட்டைதான். கெண்டைக்காலுக்கு மேலேயே நின்றுபோகிற காற்சட்டை. அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் அவன் ரம்பத்தின் ஒரு முனையிலும் மாமனார் மறுமுனையிலும் நின்று ஒவ்வொரு வேராகப் பிளந்தார்கள். ஒரு வேருக்கு இரண்டு வளைசட்டம், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இடதுக்கொன்று வலதுக்கொன்று.

"நேராப் பிடிடா, உப்பள ராசா! இது சேறு இல்ல!"

"நான் நேராத்தான்! நீங்கதான் கோணல்! கண்ணாடி போடுங்க!"

"கண்ணாடியா? நீ பொறக்கிறதுக்கு முன்னாடி நான் கட்டின படகு இன்னும் மிதக்குது!"

"அது பாறையில கிடக்கு!"

காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை இதேதான். கெசியா அடுப்பில் பட்டாணிக் கூழைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். ஒரு நாள் கேட்டாள், இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய், இருவரும் நிமிர்ந்து பார்க்கும்படி, அடுப்பு ஆவி போகத் திறந்திருந்த ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.